எனக்கும் தெரியாது



சென்ற வாரப் பள்ளி விடுமுறையில் வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். பழைய ஆவணங்களுக்கு அடியில் ஒரு நெகிழிப்பை. அதற்குள் ஒரு பயிற்சிப் புத்தகம். ஓரங்களில் நீர் பட்டுக் காய்ந்த பழுப்பு நிறக் கறை. முதல் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு வரிசை ‘அ’. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் இன்னொரு வரிசை ‘அ’. இரண்டும் சிறுவர் எழுதியவை அல்ல. ஒன்று என் அம்மா எழுதியது. மற்றொன்று, கடல் கடந்து வந்து நம் நாட்டில் பத்து மாதங்கள் ஆசிரியப்பணி ஆற்றிச் சென்ற ஓர் அமெரிக்கப் பெண் எழுதியது. அந்தப் புத்தகத்தின் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அது 2014 ஆம் ஆண்டு. நான் பகாங் மாநிலத்தில், தெமர்லோ வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதெல்லாம் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். அமெரிக்காவில் பட்டப்படிப்பை முடித்த இளைஞர்கள் ஃபுல்பிரைட் திட்டத்தின்வழி ஆங்கில உதவி ஆசிரியர்களாக நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் பள்ளிக்கு அருகிலிருந்த இடைநிலைப்பள்ளிக்கும் அவ்வாறு ஒருவர் வந்தார். வயது இருபத்திரண்டு. அமெரிக்காவின் வடக்கே, ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய பெயரை எழுத அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஆகவே, தோழி என்றே குறிப்பிடுகிறேன்.

எங்கள் வீடமைப்புப் பகுதியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி அவருக்கு ஒரு வீடு கிடைத்தது. மிதிவண்டியில்தான் பள்ளிக்குப் போவார். வெள்ளைக்காரப் பெண்ணொருவர் பாஜு கூரோங் அணிந்து, தலைக்கவசத்தோடு மிதிவண்டி ஓட்டிச் செல்லும் காட்சியைக் காண ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். “எங்கே போகிறீர்கள்? சாப்பிட்டாயிற்றா?” என்று மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் மூன்று மொழிகளில் கேட்பார்கள். தொடக்கத்தில் அவருக்கு அது சங்கடமாக இருந்ததாம். நான் எங்கே போகிறேன் என்பது இவர்களுக்கு எதற்கு, நான் சாப்பிடாவிட்டால் இவர்கள் சமைத்துத் தரப்போகிறார்களா என்று நினைத்தாராம். ஒரு மாதம் கழித்து உண்மையாகவே சிலர் சமைத்துத் தரத் தொடங்கிய பிறகுதான், அது விசாரணை அன்று, வணக்கம் என்பது புரிந்ததாம்.

அவரை நான் முதலில் சந்தித்தது வீட்டருகே அன்று. எங்கள் பள்ளி அலுவலகத்தில். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், பள்ளி முடிந்த நேரத்தில், தலைமையாசிரியரின் அனுமதியோடு என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு மாணவனின் பெயர் எழுதிய தாள்.

“இந்த மாணவன் உங்களிடம் படித்தவன் என்றார்கள். இவனுக்குப் பேச்சு வருமா?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பையனை நன்றாக நினைவிருக்கிறது. வகுப்பில் வாய் ஓயாதவன். மாவட்ட அளவிலான கதை சொல்லும் போட்டிக்குச் சென்று பரிசோடு திரும்பியவன். ஆனால், அப்போதிருந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழித் தாளில் போதிய தேர்ச்சி பெறவில்லை. அதனால் நேராக முதலாம் படிவம் செல்லாமல், புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர வேண்டியதாயிற்று. அந்தப் புகுமுக வகுப்புக்குத்தான் தோழி ஆங்கிலம் கற்பிக்கச் சென்றிருந்தார். இரண்டு மாதங்களாக அந்தப் பையன் ஒரு சொல்கூடப் பேசவில்லை. புத்தகம் எங்கே என்றால் வீட்டில் என்பதுபோல் கையை நீட்டிக் காட்டுவானாம். அவ்வளவுதான்.

“அவன் தமிழில் பேசுவதைக் கேட்க வேண்டும். அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் நான் அவனுக்கு என்ன கற்பிப்பது?” என்றார் தோழி.

உண்மையைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியிலிருந்து ஒவ்வோராண்டும் மாணவர்களை அந்த இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பியிருக்கிறோம். அவர்கள் அங்கே பேசுகிறார்களா, இல்லையா என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. ஆறாம் ஆண்டு முடிந்தால் என் பொறுப்பு முடிந்தது என்றே இருந்தேன். பத்தாயிரம் கல் தொலைவிலிருந்து வந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும், உதவ முடியுமா என்று அவர் கேட்டபோது எனக்குப் பகல் முழுவதும் பள்ளி, மாலையில் புறப்பாட நடவடிக்கை, இரவில் பாடக்குறிப்பு. “மாலையில் என் வீட்டுக்கு வாருங்கள். என் அம்மா இருப்பார். அவரோடு பேசிப் பழகுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னதை அன்றே மறந்தும்விட்டேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மலாய் மொழியில் சந்தையில் பேரம் பேசுமளவு தெரியும். ஆனால், அமெரிக்க ஆசிரியர்கள் அவருக்குப் புதியவர்கள் அல்லர். 1962 ஆம் ஆண்டிலிருந்து 1983 வரை அமெரிக்கப் பீஸ் கோர் தொண்டர்கள் இந்நாட்டில் பணியாற்றினார்கள். பலர் இடைநிலைப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்தார்கள். காலஞ்சென்ற என் அப்பாவுக்கு அறிவியல் கற்பித்தவர் அப்படிப்பட்ட ஒருவர். கையால் சோறு உண்ணப் பழகிக்கொண்டு, மாணவர் வீட்டுத் திருமணங்களுக்கெல்லாம் வந்து பந்தியில் அமர்வாராம். அப்பா அந்தக் கதைகளை ஆயிரம் முறை சொல்லியிருப்பார். எனவே, வாசலில் வந்து நின்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து அம்மா சிறிதும் தயங்கவில்லை. “வாம்மா, சாப்பிட்டியா?” என்று நேராக மேசைக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

தோழி கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் ‘அம்மா’ இல்லை, ‘வணக்க’மும் இல்லை. ‘போதும்’ என்பதுதான். உயிர் பிழைக்க அது தேவைப்பட்டது. ஆனால், அம்மாவின் அகராதியில் போதும் என்றால் இன்னும் இரண்டு கரண்டி என்று பொருள்.

அந்த மாதம் 8 ஆம் தேதி எம்.எச்.370 விமானம் காணாமற்போனது. உலகமே மலேசியாவின் பெயரை உச்சரித்துக்கொண்டிருந்தது. தோழியின் தாயார் நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து அழுதாராம். அந்த நாட்டை விட்டு உடனே வந்துவிடு என்றாராம். அப்போது ஒரு மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, எதுவும் பேசாமல் முன்கூடத்தில் அமர்ந்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்க அம்மாவிடம் மொழி இல்லை. பக்கத்தில் அமர்ந்து பயற்றங்காயை நறுக்கத் தொடங்கினார். சற்று நேரம் கழித்து ஒரு கத்தியை அவர் கையிலும் கொடுத்தார். நான் வீடு திரும்பியபோது இருவரும் ஒரு வாரத்துக்குத் தேவையான பயற்றங்காயை நறுக்கி முடித்திருந்தார்கள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பகாங் ஆற்றங்கரையில் கூடும் தெமர்லோ வாரச்சந்தைக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள். என் மகிழுந்தில் நான் ஓட்டுநர் மட்டுமே. பாத்தின் மீன், காட்டுக்கீரை, தெம்போயாக் என்று அம்மா ஒவ்வொன்றையும் எடுத்து மூக்கருகே நீட்டுவார். தோழி முகம் சுளிப்பார், பிறகு வாங்குவார். வழிநெடுக அவரோடு படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வருவார்கள். ஒரு நாள் அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அக்கா, அங்கே மூட்டை தூக்குகிறார்களே, அந்த வங்காளதேசத்துத் தொழிலாளர்களும் என்னைப் போல் வெளிநாட்டவர்கள்தாமே? அவர்களோடு ஏன் யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை?” எனக்கு விடை தெரியவில்லை. என் பாட்டன் பாட்டிமாரும் அப்படி மூட்டையோடு வந்து இறங்கியவர்கள் என்ற நினைவு மட்டும் வந்தது.

பள்ளியிலும் அவருக்கு நட்பு வளர்ந்தது. நோன்பு மாதத்தில் சக ஆசிரியைகளோடு சேர்ந்து சில நாள்கள் நோன்பிருந்தார். இரும்புக்கடைச் சீனப் பெரியவர் அவருடைய மிதிவண்டியைப் பழுதுபார்த்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். இவர் வீட்டில் செய்த அணிச்சலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெரியவர் மறுவாரம் ஒரு கூடை ரம்புத்தான் அனுப்பினார். இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்போது முடியும் என்று தோழி கேட்டார். முடியவே முடியாது, அதற்குப் பெயர்தான் பழக்கம் என்றேன்.

இனி, அந்தப் பையனுக்கு வருகிறேன். ஜூன் மாதம் ஒரு நாள் தோழி தம் வகுப்பில் ஒரு கூடைப் பழங்களைக் கொண்டுபோய் வைத்தார். ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கும் முன், தமக்குத் தெரிந்த தமிழைச் சொல்லிக் காட்டினாராம். “இது வாழைப் பலம்.” வகுப்பே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “பலம் இல்லை டீச்சர். பழம்!”

அந்தப் பையன்தான். தோழி மீண்டும் சொன்னார். “பளம்.” அவன் எழுந்து முன்னே வந்தான். நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினான். அரைமணி நேரம் அவன் ஆசிரியர், அவர் மாணவி. ழகரம் அவருக்கு வரவே இல்லை. ஆனால், அன்று பாடம் முடிவதற்குள் அவன் ஆங்கிலத்தில் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டிருந்தான். மூன்றிலும் இலக்கணப் பிழை. மூன்றுக்கும் அவர் விடை சொன்னார்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால், அதே பாடம் என் வீட்டுக்குள்ளும் நடந்துகொண்டிருப்பது எனக்கு அப்போது தெரியாது.

ஜூலை மாதம். மாலையில் காற்பந்துப் பயிற்சி இருந்தது, பெருமழையால் நிறுத்திவிட்டோம். வழக்கத்துக்கு மாறாக ஒன்றரை மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு வந்தேன். மழைச் சத்தத்தில் நான் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. முன்கூடத்தில் பாய் விரித்து மூவர் அமர்ந்திருந்தார்கள். நடுவில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகன். கையில் அடிக்கோல். ஒரு பக்கம் தோழி, மறுபக்கம் அம்மா. இருவர் முன்னும் பயிற்சிப் புத்தகம்.

“பாட்டி, இது ரெண்டு சுழி. நான் கேட்டது மூணு சுழி” என்றான் மகன்.

அம்மா அழிப்பானை எடுத்து அழித்துவிட்டு, நாக்கை உதட்டோரம் துருத்தியபடி, மீண்டும் எழுதினார். ண. மூன்று சுழியும் அழகாக வந்திருந்தன. நாற்பது ஆண்டுகளாகப் புள்ளி வைத்துக் கோலம் போட்ட கை அது. தோழியின் ணகரமோ முள்கம்பிபோல் மூலைமூலையாக இருந்தது. மகன் அம்மாவின் புத்தகத்தில் ஒரு நட்சத்திர ஒட்டுவில்லையை ஒட்டினான். தோழி பொய்க்கோபத்தோடு உதட்டைப் பிதுக்கினார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

நான் கதவுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தேன்.

என் அம்மா 1953 இல் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில மாதங்களே படித்தார். பாட்டி பால்மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பள்ளி அத்தோடு நின்றது. பிறகு அவரும் பால்மரம் வெட்டினார். என்னைப் படிக்க வைத்தார். என் பள்ளி அறிக்கை அட்டைகளில் எப்போதும் அப்பாவின் கையெழுத்துத்தான் இருக்கும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். அவர் கூந்தல் நரைத்திருப்பதுபோல் அதுவும் ஒரு செய்தி. அதில் நான் செய்யத்தக்கது ஏதும் உண்டு என்று எண்ணியதே இல்லை. நானோ, ஆண்டுதோறும் ஜனவரியில் முப்பது பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதக் கற்றுத் தருகிறவள்.

அது எப்படித் தொடங்கியது என்பதைத் தோழி பின்னர்ச் சொன்னார். மகனின் பாடநூலை எடுத்துக்காட்டி, இது என்ன எழுத்து என்று ஒரு நாள் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். “கண்ணாடி இல்லம்மா” என்றிருக்கிறார் அம்மா. மறுநாள் கண்ணாடி அணிந்திருந்தபோது கேட்டதற்கு, “வெளிச்சம் பத்தல” என்று சைகையில் காட்டியிருக்கிறார். தோழிக்கு உடனே புரிந்துவிட்டது. புத்தகம் வீட்டில் இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டும் அந்தப் பையனை நாள்தோறும் பார்க்கிறவர் அல்லவா? அவர் புத்தகத்தை மூடவில்லை. வேறு பேச்சுக்கும் மாறவில்லை. தமக்கு அப்போது தெரிந்த ஒரே முழுவாக்கியத்தைச் சொன்னாராம்: “எனக்குத் தெரியாது.”

அம்மா சற்று நேரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “எனக்கும் தெரியாது.”

ஆசிரியப் பெருமக்களே, உம்மையின் வகைகளை நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம், தேர்வில் கேட்கிறோம். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கும் ‘எனக்கும் தெரியாது’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நானும் கரும்பலகையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அந்த ‘உம்’ ஒரு மனிதரை எங்கிருந்து எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது அன்றுதான் விளங்கியது. முன்னதில் ஒருவர் தனியே நிற்கிறார். பின்னதில் இருவர் இருக்கிறார்கள்.

ஆனால், அந்த மாலையில் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சியன்று, கோபம். மூவரும் என்னிடம் ஏன் மறைத்தார்கள்? தோழி போன பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

“ஏம்மா, நான் ஒரு டீச்சர். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: “நீ பகல் பூரா பிள்ளைங்ககூட கத்திட்டு வர்ற. இதுல நான் வேறயா?”

“அது மட்டும்தானா?”

குழாயை மூடினார். “அன்னைக்கு அந்த ஆபிஸ்ல பாரம் கொடுத்தாங்க. நான் பேனாவ வாங்குறதுக்குள்ள, ‘அம்மாவுக்கு எழுதத் தெரியாது, பெருவிரல் ரேகைதான் வைப்பாங்க’ன்னு நீயே சொல்லிட்ட. எல்லாரும் பார்த்தாங்க.”

அது எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்றுகூட எனக்கு நினைவில்லை. எத்தனையோ முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

“நான் சிரிப்பேன்னு நினைச்சீங்களா?” என்றேன்.

“நீ சிரிக்க மாட்ட. பாவம்னு பார்ப்ப. அதுக்குச் சிரிச்சாலும் தேவல.”

அன்றிரவு நான் உறங்கவில்லை. தமக்குத் தெரியாததை என்னிடம் வெளிப்படுத்த முடியாத என் தாய், ஏழு வயதுப் பேரனிடமும் எங்கிருந்தோ வந்த ஓர் அயல்நாட்டுப் பெண்ணிடமும் வெளிப்படுத்தினார். காரணம் எளிது. பேரன் கற்பதற்கு அப்போதுதான் தொடங்கியிருந்தான். அந்தப் பெண்ணும் ஒன்றும் தெரியாமல் வந்திருந்தார். அந்த வீட்டில் எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அதன்பிறகு நான் அந்தப் பாய்க்கு அருகே போகவில்லை. அழைத்தால் போவேன், அழைக்கவில்லை. தோழி 247 எழுத்துகளைப் பற்றி அறிந்து மலைத்தபோது மட்டும், 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால் 216 உயிர்மெய்யையும் கூட்டி எழுதிவிடலாம், மீதி ஓர் ஆய்தம்தான் என்று கட்டம் போட்டுக் காட்டினேன். அம்மா அந்தக் கட்டத்தைப் பார்த்து, “அட, இது வாய்ப்பாடு மாதிரி இருக்கே” என்றார். அவ்வளவே என் பங்கு.

அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 22 ஆம் தேதி வந்தது. தோழி பள்ளியிலிருந்து சக ஆசிரியைகளையும் அந்தப் பையன் உட்படச் சில மாணவர்களையும் எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைத்து வந்திருந்தார். வாசலில் மாவுக் கோலத்துக்கு மேலே, அம்மா தம் கையால் ‘வருக’ என்று எழுதியிருந்தார். வந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காததுதான் அம்மாவுக்குப் பெருமை என்று தோழி என் காதில் சொன்னார். எழுதத் தெரிந்தவர் வீட்டு வாசலில் எழுத்து இருப்பது இயல்புதானே?

நவம்பரில் அவர் விடைபெறும் நாள் வந்தது. அம்மா இரண்டு நாள் முறுக்குச் சுட்டு, ஒரு தகர டின்னில் அடுக்கி, மூடியில் வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் தோழியின் பெயரைத் தமிழில் எழுதினார். யாரும் சொல்லித் தரவில்லை. தாமே கூட்டி எழுதினார். டின்னை என் கையில் கொடுத்தபோது பார்த்தேன். நெடில் வர வேண்டிய இடத்தில் குறில் இருந்தது. என் கை தானாகவே பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தேடியது. பிறகு நிறுத்திக்கொண்டேன். ‘அருமையாக இருக்கிறது அம்மா’ என்று மட்டும் சொன்னேன். அதை ஒரு பெரிய பண்பாடு என்று அன்று எண்ணிக்கொண்டேன்.

தோழி போன மறுமாதம், டிசம்பர் இறுதியில், கிழக்குக்கரை மாநிலங்களில் பெருவெள்ளம் வந்தது. கிளந்தான், திரங்கானு, பகாங் மூன்றும் நீரில் மிதந்தன. பகாங் ஆறு கரை கடந்து தெமர்லோவுக்குள் புகுந்தது. 1971 வெள்ளத்தைப் பார்த்த அம்மா, இந்த முறையும் ஆற்றின் நிறத்தைப் பார்த்தே தண்ணீர் வரும் என்று சொல்லிவிட்டார். இரவில் துயர்துடைப்பு மையத்துக்குக் கிளம்பினோம். ஆளுக்கொரு பை மட்டும் எடுக்கலாம் என்றார்கள். மையத்தில் ஈரத்தைத் துவட்டும்போது அம்மாவின் பையைத் திறந்தேன். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், தாலிக்கொடி, அப்பாவின் படம். அவற்றோடு ஒரு நெகிழிப்பையில் இறுகக் கட்டிய பயிற்சிப் புத்தகம். ஓரங்களில் மட்டும் நீர் புகுந்திருந்தது.

அமெரிக்காவிலிருந்து தோழி ஐந்து முறை அழைத்திருந்தார். ஆறாம் முறை தொடர்பு கிடைத்தது. நான் பேசுவதற்குள் அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி எனக்கும் கேட்டது: “அம்மா, சாப்பிட்டாச்சா?”

ஆண்டுகள் பத்துக்கு மேல் உருண்டோடிவிட்டன. என் மகன் உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டான். அந்தப் பையன் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். தோழி தம் ஊரில், அகதிகளாக வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். ஒவ்வொரு புதிய வகுப்பிலும் முதல் நாள், பிள்ளைகளின் மொழியில் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்வாராம். அம்மா நாளிதழின் தலைப்புகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறார். பெருவிரல் மையை மறந்து வெகு நாளாயிற்று.

சென்ற வாரம் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். தோழிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் படம் வந்தது. அவருடைய சமையலறை. அடுப்பருகே அந்த முறுக்கு டின். இப்போது தேயிலை வைத்திருக்கிறாராம். மூடியில் அம்மாவின் எழுத்து மங்காமல் இருந்தது.

அம்மா கண்ணாடியை அணிந்துகொண்டு உற்றுப் பார்த்தார். விரலால் எழுத்துக்கூட்டினார். முகம் மாறியது.

“இது தப்பால்ல இருக்கு! குறில் போட்டிருக்கேனே!”

“ஆமாம்மா” என்றேன்.

“உனக்கு அன்னைக்கே தெரியுமா?”

நான் பேசவில்லை.

“தெரிஞ்சும் அப்படியே கொடுத்து விட்டியா? நீயெல்லாம் ஒரு டீச்சரா? அந்தப் பிள்ளையா இருந்தா அப்பவே ‘அம்மா, நோ’ன்னு சொல்லியிருக்கும். நீதான் எதையும் சொல்ல மாட்ட. இன்னும் பாவம்தான் பார்க்குற.”

அன்பார்ந்த பெற்றோர்களே, ஆசிரியர்களே! பிழையைச் சுட்டிக்காட்டாமல் விடுவது அன்பு என்று அத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தேன். அந்தப் பையன் வெள்ளைக்கார ஆசிரியையிடம் ‘பலம் இல்லை, பழம்’ என்று சொன்னதற்கு இருந்த துணிவு, என் தாயிடம் ‘குறில் இல்லை, நெடில்’ என்று சொல்ல எனக்கு இல்லாமற்போயிற்று. அவன் தன் ஆசிரியையைத் தனக்கு நிகராக வைத்தான். நான் என் தாயை அப்படி வைக்கவில்லை.

நேற்று மாலை அம்மாவின் பக்கத்தில் பாய் விரித்து அமர்ந்தேன். முதன்முறையாக அவரே அழைத்திருந்தார். தோழிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். நான்கு வரி எழுதி என்னிடம் நீட்டினார். மூன்று பிழைகள் இருந்தன. மூன்றையும் சொன்னேன். அம்மா இரண்டை ஏற்றுக்கொண்டார். மூன்றாவதற்கு என்னோடு வாதம் செய்தார். அகராதியை எடுத்துப் பார்த்தோம். அவர் எழுதியதுதான் சரி.

எனக்கும் தெரிந்திருக்கவில்லை.